நாகர்கோவில் – வள்ளியூர் சாலையில் நாளுக்கு 70 கி.மீ.: எந்த ஸ்கூட்டர் தாங்கும்?

வடசேரி டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் வடசேரியில் குடியிருந்துகொண்டு, வள்ளியூரை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் போய்வரும் ஆசிரியை நான். தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு சென்று, அங்கே நான்குவழிச் சாலையில் ஏறி, பணகுடியைக் கடந்து பள்ளியை அடைய ஏறத்தாழ 35 கி.மீ. ஆகிறது. மாதத்துக்கு 22 வேலைநாள் என்று கொண்டால் 1,540 கி.மீ. ஓட்டுகிறேன்.

என்னிடம் இருப்பது ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய 110 சி.சி. ஸ்கூட்டர். நாகர்கோவிலுக்குள்ளேயே பணிபுரிந்த காலம்வரை அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பணிமாறுதல் கிடைத்து இந்தச் சாலைக்கு வந்த பிறகுதான் அதன் எல்லை புரிந்தது. 65 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் கைப்பிடி நடுங்குகிறது. மாலையில் திரும்பும்போது ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கினாலும் வேகம் ஏற மறுக்கிறது. போன வாரம் பணகுடிக்குத் தெற்கே பாறைப்பொடி ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று என்னை முந்திச் சென்றபோது, வண்டி முதலில் லாரியின் பக்கம் சாய்ந்தது. லாரி கடந்த மறுகணம் சாலையோர மணலை நோக்கித் தள்ளப்பட்டது. விழவில்லை. ஆனால் காவல்கிணறு வந்து ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தி, கை நடுக்கம் தீரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். புடவை உடுத்தித்தான் பள்ளிக்குச் செல்கிறேன். விடைத்தாள் கட்டுகளையும் நோட்டுகளையும் கால் வைக்கும் தளத்தில்தான் வைத்துக்கொண்டு வருகிறேன். கியர் வண்டி எனக்குப் பழக்கமில்லை. இந்த நிலையில் 125 சி.சி. போதுமா, அல்லது 150, 160 என்று போக வேண்டுமா? இந்தச் சாலையை அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பணகுடிப் பட்டறை:

வணக்கம் டீச்சர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணகுடியில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். சி.சி. எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். சக்கரம் எவ்வளவு பெரியது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். உங்களுடைய பழைய வண்டியின் பின்சக்கரம் பெரும்பாலும் 10 அங்குலமாக இருக்கும். 90/100-10 என்று டயரில் எழுதியிருந்தால், டயரோடு சேர்த்து அதன் விட்டம் 43 செ.மீ. தான். 90/90-12 டயர் போட்ட சக்கரம் 47 செ.மீ. வரும். இந்த மூன்று நான்கு செ.மீ. வேறுபாடு ஊருக்குள் ஒன்றுமில்லை. 60, 70 வேகத்தில் ஒரு குழியில் இறங்கும்போதும், தார் பெயர்ந்த விளிம்பில் ஏறும்போதும் அதன் அருமை தெரியும். சிறிய சக்கரம் குழிக்குள் ஆழமாக இறங்கும், வெளியே வரும்போது செங்குத்தாக மோதும். அந்த அதிர்ச்சி முழுவதும் கைப்பிடிக்கும் முதுகுக்கும்தான் வருகிறது.

சந்தையில் உள்ளவற்றைப் பார்த்தால், ஆக்டிவாவிலும் ஆக்சஸ் 125இலும் முன்சக்கரம் 12, பின்சக்கரம் 10. ஜூபிடர் 125, என்டார்க் இரண்டிலும் முன்னும் பின்னும் 12. ஏரோக்ஸ் 155, ஜூம் 160, ஏப்ரிலியா எஸ்ஆர் ஆகியவற்றில் இரண்டும் 14. உங்கள் சாலைக்கு இரண்டு பக்கமும் 12 அங்குலத்துக்குக் குறைந்த எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆக்டிவாவையும் ஆக்சஸையும் மட்டமானவை என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊருக்குள் ஓட்டுவதற்கு அவற்றைப்போல உழைக்கும் வண்டிகள் குறைவு.

புதிய வண்டி வாங்கும்வரை பழையதை ஓட்டித்தானே ஆக வேண்டும்? ஆகவே கைப்பிடி நடுக்கத்தை இப்போதே பார்த்துவிடுங்கள். ஏழு ஆண்டு ஓடிய வண்டியில் கோன்செட் (கைப்பிடித் தண்டு திரும்பும் பேரிங்) தேய்ந்திருக்கும், முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கும், டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும். இவை மூன்றும் சரியாக இருந்தால் பாதி நடுக்கம் போய்விடும்.

முப்பந்தல் பொறியாளர்:

டீச்சருக்கு வணக்கம். காற்றாலைகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பதால், இந்தக் கணவாயின் காற்றோடுதான் என் பிழைப்பு. லாரி முந்தியபோது உங்கள் வண்டிக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்குவது வண்டித் தேர்வுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. இருபுறமும் மலை நிற்பதால், ஆரல்வாய்மொழிக் கணவாயின் குறுகலான வாயில் அது வேகம் பிடித்துப் பாய்கிறது. மாலையில் நீங்கள் பணகுடியிலிருந்து தெற்கே வரும்போது காற்று உங்கள் வலப்பக்கத்தில் அறைகிறது. அதைச் சமாளிக்க, உங்களை அறியாமலேயே வண்டியை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து ஓட்டுகிறீர்கள். அந்த நேரத்தில் வலப்பக்கமாக ஒரு லாரி முந்தினால், அது ஒரு சுவரைப்போல நின்று காற்றை மறைத்துவிடுகிறது. எதிர்த்துத் தள்ளிய காற்று திடீரென்று இல்லாமற்போவதால், சாய்ந்திருந்த வண்டி லாரியை நோக்கிப் போகிறது. லாரி கடந்ததும் காற்று மீண்டும் அறைந்து இடப்புறம் தள்ளுகிறது. காலையில் வடக்கே போகும்போது நிலைமை வேறு. அப்போது காற்று இடப்பக்கத்திலிருந்து வந்து, உங்களைச் சாலையின் நடுப்பகுதியை நோக்கியே தள்ளும். அதனால் காலையில் இடது விளிம்பை ஒட்டி ஓட்டினாலும், எந்நேரமும் ஒரு முழம் வலப்புறம் நகர்வீர்கள் என்று எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும்.

அடுத்தது, ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் வேகம் ஏறாதது. காவல்கிணற்றில் திரும்பி ஆரல்வாய்மொழியை நோக்கி வரும்போது காற்று நேர் எதிரே வருகிறது. நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் வர, எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசினால், வண்டியின்மீது மோதும் காற்றின் வேகம் 90. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், காற்றில்லாத நாளில் 60இல் செல்லும்போது இருக்கும் தடையைப்போல 2.25 மடங்கை உங்கள் எஞ்சின் எதிர்க்க வேண்டியிருக்கிறது. 110 சி.சி. ஸ்கூட்டரின் எட்டுக் குதிரைத்திறன் அங்கே தீர்ந்துவிடுகிறது. சாதாரண 125க்கு மாறினால் இழுவிசை ஓரளவு கூடும். குதிரைத்திறன் ஒன்றரைக்கு மேல் கூடாது. ஜூபிடர் 125 எட்டுச் சொச்சம், என்டார்க் 125 ஒன்பதரையை ஒட்டி. ஆகவே 125 வாங்கினால் எதிர்க்காற்றுப் பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிடும் என்று நம்பி ஏமாற வேண்டாம். இந்தச் சாலைக்கு 13, 15 குதிரைத்திறன் உள்ள வண்டிதான் வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்த வண்டி வாங்கினாலும் காற்றைத் தடுக்கும் உயரமான முன்கண்ணாடியையும் பின்பக்கப் பெட்டியையும் பொருத்தாதீர்கள். இரண்டும் பக்கக் காற்றுக்குப் பாய்மரமாகும்.

பாளை 155:

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு வாரம் மூன்று முறை ஏரோக்ஸ் 155இல் வருகிறேன். 15 குதிரைத்திறன், நீர்க் குளிர்விப்பு, 14 அங்குலச் சக்கரம், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு). பின்டயர் 140/70-14 என்பதால் விட்டம் 55 செ.மீ. வருகிறது. மேலே பட்டறை அண்ணாச்சி சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடை 126 கிலோ. பக்கக் காற்றில் 105 கிலோ வண்டி அலைவதைப்போல இது அலைவதில்லை. நாங்குநேரி முதல் காவல்கிணறுவரை 75இல் வரும்போதும் எஞ்சின் பாதி வலிமையில்தான் ஓடுகிறது என்பது கைக்கே தெரியும். விரைவாக முந்தி, முந்திய உடனே தன் தடத்துக்குத் திரும்ப முடிவதுதான் நெடுஞ்சாலையில் பாதுகாப்பு. தயங்கித் தயங்கி முந்துவதில்தான் ஆபத்து இருக்கிறது. டீச்சர், தயங்காமல் இதையே வாங்குங்கள்.

வடசேரி டீச்சர்:

விளக்கமாக எழுதிய மூவருக்கும் நன்றி. லாரி முந்தும்போது நடந்ததைப் படித்த பிறகு, மறுநாள் கண்ணாடியில் லாரியைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டேன். சாய்வு வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால் அச்சம் பாதியாகக் குறைந்தது.

ஏரோக்ஸை விற்பனையகத்தில் போய்ப் பார்த்தேன். இருக்கையின் உயரம் 790 மி.மீ.; எனக்கு நுனிவிரல்கள்தான் தரையில் பட்டன. கால் வைக்கும் தளம் நடுவில் மேடாக இருப்பதால் புடவையோடு கால் தூக்கிப் போட்டு ஏறுவது நாள்தோறும் இயலாது. நோட்டுக் கட்டுகளை வைக்க இடமும் இல்லை. ஜூம் 160இலும் அதே அமைப்புத்தான். நல்ல வண்டிகள் என்பதில் ஐயமில்லை, எனக்கானவை அல்ல. இனி சமதளம் உள்ள வண்டிகளைப் பற்றி மட்டும் பேசினால் உதவியாக இருக்கும்.

பணகுடிப் பட்டறை:

அப்படியானால் ஜூபிடர் 125ஐப் பாருங்கள் டீச்சர். பெட்ரோல் டேங்க் கால்தளத்துக்கு அடியில் இருப்பதால் எடை தாழ்வாக அமைகிறது, இருக்கைக்குக் கீழே 33 லிட்டர் இடம் இருக்கிறது. டிஸ்க் பிரேக் உள்ள வகையையே எடுங்கள். வலிமை போதாது என்று பொறியாளர் தம்பி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எதிர்க்காற்று கடுமையாக இருக்கும் அந்த பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரத்தை 50இல் ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? ஐந்து நிமிடம் தாமதமாக வீடு சேர்வீர்கள்.

செலவையும் சொல்ல வேண்டும். உங்கள் ஓட்டத்துக்கு, எஞ்சின் ஆயில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். டிரைவ் பெல்ட்டும் ரோலர்களும் ஊருக்குள் ஓட்டுபவருக்கு நான்கைந்து ஆண்டு வரும். உங்களுக்கு ஒன்றேகால், ஒன்றரை ஆண்டில் மாற்றும் கட்டம் வந்துவிடும். முழு வேகத்தில் தொடர்ந்து ஓடும் வண்டியின் பெல்ட்டை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஓரங்கள் நூல்நூலாகப் பிரிந்து நிற்கும். அது நான்குவழிச் சாலையில் அறுந்தால் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. ஆகவே எந்த வண்டியானாலும், வண்டியோடு தரும் கையேட்டில் சொன்ன கி.மீ. வருவதற்குச் சற்று முன்பே பெல்ட்டை மாற்றிவிடுங்கள்.

முப்பந்தல் பொறியாளர்:

அண்ணாச்சி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு செய்தியில் மட்டும் உடன்பட முடியவில்லை, அது பிரேக். நம் நாட்டில் 2019 ஏப்ரலில் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. 125 வரையிலான வண்டிகளுக்கு இரு பிரேக்குகளும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்றே அப்போது விதித்தார்கள். சிபிஎஸ் நல்லதுதான், ஆனால் ஈரச் சாலையில் பதறிப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுப்பதில்லை. 80இல் செல்லும் வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரம் 60இல் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு; இது உலர்ந்த சாலையில். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் முன்பு ஒவ்வொரு நாளும் நான் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. கும்பிட்டுவிட்டுப் போவதற்காக லாரியும் காரும் அங்கே நிறுத்துகின்றன. பலர் கோயிலைக் கண்டதும்தான் பிரேக்கை மிதிக்கிறார்கள். பின்னால் வரும் இருசக்கர வாகனங்கள் அந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. டீச்சர் நாளுக்கு இருமுறை அந்த இடத்தைக் கடக்கிறார்.

சமதளமும் ஏபிஎஸும் சேர்ந்து வேண்டும் என்றால், 2025 செப்டம்பரில் வந்த என்டார்க் 150 இருக்கிறது. 149.7 சி.சி., 13.2 குதிரைத்திறன், 12 அங்குலச் சக்கரங்கள், முன்சக்கரத்துக்கு ஏபிஎஸ், பின்சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல். ஏரோக்ஸின் சக்கரமும் எடையும் இதில் கிடைக்காது. ஆனால் டீச்சர் கேட்டவற்றில் அதிகமானவை இதில் இருக்கின்றன.

காவல்கிணறு மின்வண்டி:

மின்சார ஸ்கூட்டரைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். 3.7 யூனிட் மின்கலம் உள்ள வண்டியில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குச் செல்கிறேன். எனக்குக் காலையில் எதிர்க்காற்று, மாலையில் பின்காற்று. ஆடி மாதத்தில் அதே தூரத்துக்குப் போகும்போது ஆகும் மின்சாரம், திரும்பும்போது ஆவதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. டீச்சருக்கு எதிர்க்காற்று நாளின் கடைசியில், மின்கலம் பாதிக்கும் கீழே இறங்கிய பிறகு வருகிறது. பள்ளியில் மின்னேற்றம் செய்ய வசதி இருந்தால் மின்வண்டி அருமையான தேர்வு, கி.மீ.க்கு ஆகும் செலவு பெட்ரோலோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. வசதி இல்லையென்றால், ஆனி முதல் ஆவணிவரை வீடு சேரும்வரை திரையிலுள்ள விழுக்காட்டையே பார்த்துக்கொண்டு ஓட்ட நேரும். அந்த மனநிலையில் இந்தச் சாலையில் ஓட்டக் கூடாது.

தோவாளைப் பூக்காரர்:

நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்கு ரயில் பாதை இருக்கிறதே டீச்சர்? காற்று பலமான நாட்களில் வண்டியை நாகர்கோவில் நிலையத்தில் நிறுத்திவிட்டு ரயிலில் போகலாமே.

வடசேரி டீச்சர்:

பூக்கார அண்ணாச்சிக்கு நன்றி. ரயிலை முயன்று பார்த்தேன். காலை வழிபாட்டுக்கு முன் பள்ளியில் இருக்கும்படி நேரம் பொருந்தவில்லை. ஆனால் உங்கள் யோசனையை வேறுவிதமாகப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். காற்று மிகக் கடுமையாக இருக்கும் நாட்களில் ஆரல்வாய்மொழியில் தெரிந்தவர் வீட்டில் வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் போகிறேன். இந்த ஆனியில் அப்படி ஆறு நாள் சென்றேன். பள்ளியில் மின்னேற்ற வசதி இல்லாததால் மின்வண்டியை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

இனி வண்டி. உடன் பணிபுரியும் ஆசிரியையின் ஜூபிடர் 125ஐ ஒரு நாள் மாலை வாங்கி, பள்ளியிலிருந்து வடசேரிவரை ஓட்டினேன். என் பழைய வண்டிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பணகுடி தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. 65இல் கைப்பிடி அசையவில்லை. பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கும்போது முதுகில் அடி விழவில்லை. ஆனால் முப்பந்தல் அருகே, பொறியாளர் எழுதியபடியே, 55க்கு மேல் வேகம் ஏறச் சிரமப்பட்டது.

என்டார்க் 150ஐ ஓட்டிப் பார்க்கச் சென்றபோது, ஒரு விற்பனையகத்தில் தெருமுனைவரை மட்டுமே அனுமதித்தார்கள். நெடுஞ்சாலைக்காக வாங்கும் வண்டியைத் தெருமுனைவரை ஓட்டி என்ன அறிந்துகொள்ள முடியும் என்று கேட்டேன், அதற்கு விடையில்லை. வேறொரு விற்பனையகத்தில் என் சூழ்நிலையை விளக்கிச் சொன்னதும், ஊழியர் ஒருவர் வேறு வண்டியில் பின்தொடர, முப்பந்தல்வரை போய்த் திரும்ப விட்டார்கள். புடவையோடும், கால்தளத்தில் நோட்டுக் கட்டோடும்தான் ஓட்டினேன். திரும்பி வரும்போது நேர் எதிர்க்காற்றில் 65 தடையின்றி வந்தது. கையில் இன்னும் மிச்சம் இருந்தது. கோயிலுக்கு அருகே சாலை காலியாக இருந்த இடத்தில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். லிவரில் துடிப்பு தெரிந்ததே தவிர வண்டி நேர்கோட்டில் நின்றது. ஏரோக்ஸ் நண்பர் சொன்ன கனம் இதற்கு இல்லை என்பதும் உண்மை. பக்கக் காற்று அறைந்தபோது என் பழைய வண்டி அளவுக்கு இல்லாவிட்டாலும் அசைந்தது.

விலை கூடுதல், பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும் என்பதை அறிந்தே என்டார்க் 150க்கு முன்பணம் கட்டிவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை வண்டி கைக்கு வருகிறது. பட்டறை அண்ணாச்சி, உங்கள் பரிந்துரையை ஏற்காததற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எடைபோட்டுப் பார்த்தபோது அந்த ஏபிஎஸ்தான் தராசைச் சாய்த்தது.

பணகுடிப் பட்டறை:

பொறுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது டீச்சர்? நீங்கள் அந்தச் சாலையிலேயே, அந்தக் காற்றிலேயே, உடுத்தும் புடவையோடு ஓட்டிப் பார்த்து முடிவெடுத்திருக்கிறீர்கள். என் பட்டறைக்கு வருபவர்களில் பத்துக்கு ஒருவர்கூட அப்படிச் செய்வதில்லை.

வண்டி வந்ததும் சிலவற்றை மறக்காதீர்கள். முதல் சர்வீஸ் முடியும்வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம், முழுவதும் முறுக்கவும் வேண்டாம். புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் நூறு இருநூறு கி.மீ. வரை வளைவில் சாய்க்காதீர்கள். டயர் காற்றை வாரம் ஒருமுறை, காலையில் ஓட்டத் தொடங்குவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளந்தால் கணக்கு தவறும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, புடவைக் காப்புக் கம்பியை விற்பனையகத்திலேயே போடச் சொல்லுங்கள். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். தலைக்கவசம் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகம் முழுவதும் மூடும் வகையாக இருக்கட்டும். திறந்த வகையைப் பக்கக் காற்று கழுத்தோடு சேர்த்து இழுக்கும்.

பழைய வண்டியை விற்றுவிடுவீர்களா, வீட்டில் யாராவது ஓட்டுவார்களா? ஓட்டுவதாக இருந்தால் சனிக்கிழமை கொண்டுவாருங்கள். கோன்செட்டையும் முன் ஷாக் அப்சார்பரையும் கழற்றிப் பார்த்துவிடலாம்.

வடசேரி டீச்சர்:

என் தங்கை ஊருக்குள் ஓட்டுவதற்காகக் கேட்டிருக்கிறாள், அண்ணாச்சி. சனிக்கிழமை பத்து மணிக்குள் கொண்டுவருகிறேன்.